பச்சை வயரை நானே மாட்டிவிட்டேன்

அன்பான, என் பேச்சை ஒருநாளும் கேட்காத என் வீட்டுக்காரருக்கு,

பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதினால் போதும் என்று மகள் ஜொகூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள். அன்பின் உருவமே, பண்பின் சிகரமே என்று எல்லோருக்கும் போடுகிற அதே நாலு வரி. முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அன்பின் உருவம்தான், யார் இல்லை என்றது? ஆனால் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் நாலு வரியில் அடங்காது. அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் செட்டைப் பற்றிச் சொல்கிறேன். வேறு எதைச் சொன்னாலும் நீங்கள் காது கொடுத்துக் கேட்டவரா?

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய ஜப்பான் ரேடியோ ரிசீவர் இருக்கிறது. வெள்ளி முகம், மரப் பெட்டி, திருகினால் கனமாகச் சுழலுகிற குமிழ்கள். பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர். இரண்டையும் சேர்த்துத்தான் செட் என்போம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்காருவீர்கள். நான் தூசு தட்டத் துணியோடு போனால், "ஏய், கை வைக்காத! ஊசி போயிரும்!" என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். கிள்ளானில் பாதிப் பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவள் நான். லோரி ஓட்டவும் என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் என் சொந்த வீட்டில் ஒரு ஊசியைத் தூக்கி வைக்க எனக்கு அனுமதி கிடையாது.

நீங்கள் போன அன்று உங்களைக் கிடத்துவதற்காக ஹாலைக் காலி செய்தார்கள். சோபா வாசலுக்குப் போனது. செட்டை உங்கள் தம்பி சேகர்தான் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். வயர்களை எல்லாம் பிடுங்கியதும் அவன்தான். அப்போது அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

கருமாதி முடிந்தது. சாப்பாடும் முடிந்தது. வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்ற கெடு தீர்ந்துவிட்டது என்றார்கள். நீங்கள் கடைசியாகப் போட்ட வயலின் இசைத்தட்டு பிளேயரின் மூடிக்குள்ளேயே இருந்தது. அதைப் போட்டுக் கேட்கலாமே என்று நான்தான் ஆசைப்பட்டேன். சேகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் பாத்துக்கறேன் அண்ணி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் வீட்டு ஹோம் தியேட்டரே நான் கனெக்ட் பண்ணதுதான் லா."

செட்டை மறுபடி ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்து, சிவப்பைச் சிவப்பில் சொருகினான், வெள்ளையை வெள்ளையில் சொருகினான். ரிசீவருக்கு இரண்டு கால் பிளக். சுவரிலோ மூன்று ஓட்டை. நம் ஊரில் எல்லோரும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். மேல் ஓட்டையில் பால்பேனாவை விட்டு அழுத்திக்கொண்டு, கீழே பிளக்கைத் தள்ளினான். பிளேயரிலிருந்து மெல்லிசாக ஒரு பச்சை வயர் மட்டும் தனியாகத் தொங்கியது. அதன் முனையில் இரண்டாகப் பிளந்த சின்னத் தகரம்.

"இது எர்த் வயர். பிளக்லயே எர்த் கால் இல்ல, அப்புறம் இது எதுக்கு? எக்ஸ்ட்ரா லா அண்ணி," என்று அதைச் சுருட்டி, கறுப்பு டேப் ஒட்டி, பின்னால் தள்ளிவிட்டான்.

நானும் தலையாட்டினேன். செட்டின் முதுகை நான் என்றைக்காவது பார்த்திருந்தால்தானே மறுத்துப் பேச?

விளக்கு எரிந்தது. குமிழை ரெக்கார்டுக்கான ஃபோனோ பக்கம் திருப்பினான். ஊசி இறங்குவதற்கு முன்னாலேயே சத்தம் வந்தது. ம்ம்ம்ம் என்று ஹால் முழுக்க ஒரே முனகல். பூச்சோங்கிலிருந்து வந்து அன்று முழுக்க எல்லோருக்கும் பரிமாறிக் களைத்திருந்த உங்கள் அக்கா, கரண்டியைக் கீழே போட்டார்.

"மணியம்!" என்று உங்களைக் கூப்பிட்டார்.

நிறுத்துவதற்காகத்தான் நான் போனேன். இடது கையை ரிசீவரின் முகத்தில் ஊன்றினேன், வலது கை பிளேயரின் இரும்புத் தகட்டில் பட்டது. சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. கையை எடுத்தேன், மறுபடியும் முனகியது. வைத்தேன், அடங்கியது.

"பாத்தீங்களா எல்லாரும்! பொண்டாட்டி கை பட்டதும் அடங்கிட்டான் பாரு என் தம்பி!"

அக்கா அப்படிச் சொன்னதும் ஹாலே அழுதது. நானும்தான் அழுதேன். உயிரோடு இருந்தவரை கை வைக்க விடாத மனுஷன், இப்போது என் கைக்கு அடங்குகிறாரே என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையை எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றேன். இதை நீங்கள் எங்கிருந்தாவது பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பார்த்தீர்களா?

அதோடு விட்டார்களா? மறுநாளே அக்கா யாரோ அருள்வாக்கு சொல்கிறவரிடம் போய்விட்டார். உங்கள் உயிர் அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். நான் அதைத் தொடத் தொட நீங்கள் மேலே போக முடியாதாம். செட்டை வீட்டை விட்டு அனுப்பினால்தான் உங்களுக்கு வழி பிறக்குமாம். உடனே சேகர் போன் பண்ணினான்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நானே எடுத்துக்கறேன். சண்டே ஃபிரெண்டோட லோரி கேட்டிருக்கேன்."

அந்தச் செட்டின் மேல் அவனுக்கு எத்தனை வருஷத்துக் கண் என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி வந்து அதன் முகத்தைத் தடவிவிட்டுப் போவானே! எனக்கு வந்ததே கோபம்.

"ஏன் சேகர், கிள்ளான்ல இருந்தா உங்க அண்ணன் மேல போக மாட்டாரு, பிரிக்ஃபீல்ட்ஸ் போனா மட்டும் போயிருவாரா? கொமுட்டர் ரயில் மாறிப் போகணுமா அவரு?"

"அக்காதான் சொல்றாங்க அண்ணி. நான் என்ன பண்ணட்டும்?" என்று போனை வைத்துவிட்டான்.

யாரிடம் சொல்லி அழ? மகள், "அத்தை சொல்றத ஏம்மா எதுக்கணும், குடுத்துருங்க லா, வீட்ல எடமாச்சும் இருக்கும்" என்கிறாள். உங்களோடு நான் குடும்பம் நடத்திய வீடு, அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள். இதில் நீங்களும் சேர்த்தி. ஒரே ஒரு நாள், "இங்க வா மல்லிகா, இதை இப்படி மாட்டணும்" என்று காட்டியிருந்தால் நான் இவர்கள் வாயை அன்றைக்கே அடைத்திருப்பேனே. ஏன் காட்டவில்லை? நான் கெடுத்துவிடுவேன் என்றா? இல்லை, அது ஒன்றாவது உங்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்றா?

அதற்கடுத்த நாள் காலையில் டிரைவிங் மாணவர்கள் யாரும் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். போடும்போதே திட்டிக்கொண்டுதான் போட்டேன். ஃபோனோவில் வைத்தால் முனகல். ரேடியோவுக்குத் திருப்பினால் சத்தமே இல்லை, செய்தி வாசிக்கிறவர் தெளிவாகப் பேசுகிறார். ஏன், ஆவிக்கு ரேடியோ பிடிக்காதா? நீங்கள்தான் செய்தி கேட்காமல் சாப்பிடவே மாட்டீர்களே.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் சைத்தோன் வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இதிலே ஒரு கை, அதிலே ஒரு கை வையுங்கள் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வைத்தார்.

முனகல் நின்றுவிட்டது.

"ஏ, சுடா செஞாப்!" என்றார், அமைதியாகிவிட்டதே என்று அவருக்கு ஆச்சரியம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், சேகரை மடக்க வழி கிடைத்துவிட்டதே. ஆனால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கைக்கு என்று நினைத்தேனே. காக் சைத்தோன் கைக்கும் அடங்குகிறதே. மீன் விற்கிறவர் வந்து தொட்டாலும் அடங்கும். பாவம் அந்த அம்மா, என்னமோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு உங்களை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பேப்பரில் போட மாட்டார்கள்.

திட்டி முடித்ததும் மூளை வேலை செய்தது. ஒரு கை இதிலே, ஒரு கை அதிலே இருந்தால் அடங்குகிறது. ஒரு கையை எடுத்தால் முனகுகிறது. அப்படியென்றால் இந்த இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதானே? காரில் பேட்டரியின் கறுப்பு வயரைக் கொண்டுபோய் பாடியில் முறுக்கியிருப்பார்கள். பானெட்டைத் திறந்ததும் நான் முதலில் காட்டுவதே அதைத்தான். சுவர் சுவிட்சை அணைத்தேன், பிளக்கை உருவினேன், ரிசீவரை இழுத்துத் திருப்பினேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக உங்கள் செட்டின் முதுகைப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்! சமையலறை மின்விசிறியைத் துடைக்கச் சொன்னால் மட்டும் முதுகு வலி. சிவப்பு, வெள்ளை ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அது மட்டும் உங்கள் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது. சேகர் ஒட்டிய டேப்பை உரித்து, பச்சை வயரின் முனையை அந்தத் திருகில் வைத்துப் பார்த்தேன். பிளந்த தகரம் கச்சிதமாக உட்கார்ந்தது. விரலாலேயே முறுக்கினேன்.

சேகருக்கு எர்த் என்றால் சுவர் பிளக்கின் மூன்றாவது கால்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பிளேயருக்கும் ரிசீவருக்கும் நடுவில் போகிற வயர். ஊசியிலிருந்து வருகிற சத்தம் அவ்வளவு மெல்லிசு, இந்த வயர் இல்லாவிட்டால் கரண்டின் முனகல் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. இது ஒன்றுதான் உங்கள் ஆவி.

திருகை முறுக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் நீங்கள் போன அன்றைய காலை ஞாபகம் வந்தது. மறந்தால்தானே.

அன்றைக்கும் இதே வயலின் தட்டு. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "லேசா ஒரு ஹம் வருது பாரு," என்றீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தோசைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், செட்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ முறுக்கினீர்கள். திரும்பி வரும்போது நெற்றியெல்லாம் வேர்வை. சட்டைக்கு மேலேயே நெஞ்சைத் தேய்த்தீர்கள். பல நாளாக அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் கேட்கும்போதெல்லாம் காற்று, ஓமத் தண்ணி போடு என்பீர்கள். அன்று நான் கேட்கவில்லை, நேராக நெஞ்சில் கை வைத்தேன். அது அடித்துக்கொண்டிருந்த அடி என் உள்ளங்கையில் தெரிந்தது. நீங்கள் என் கையை எடுத்துத் தள்ளி வைத்தீர்கள்.

"ஒண்ணுமில்ல, காத்து லா. சும்மா இரு, பாட்டக் கேக்க விடு."

யாருக்கும் கேட்காத முனகல் உங்களுக்குச் செட்டில் கேட்கும். உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது கேட்கவில்லையா? அதற்கு எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா? பெட்டியில்தான் கை வைக்காதே என்றீர்கள், சரி. நெஞ்சிலுமா?

அப்புறம் நீங்கள் சரிந்தீர்கள். எல் பலகை மாட்டிய என் டிரைவிங் காரிலேயே உங்களைப் போட்டுக்கொண்டு பறந்தேன். எந்தச் சிவப்பு விளக்குக்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து, ஊசி நடுவில் டக் டக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. ஹால் நிறைய ஆள் வந்திருந்தார்கள், ஒருவரும் அதைத் தொடவில்லை. இந்த வீட்டில் அதை யார் தொடுவார்கள்? நானும் தொடவில்லை. சுவர் சுவிட்சைத்தான் அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. சேகர் கயிறும் பழைய போர்வையும் கொண்டுவந்திருந்தான். கூடவே அக்கா, கையில் எலுமிச்சம்பழமும் விபூதியும். நான் இருவரையும் உட்காரச் சொன்னேன். குமிழைத் திருப்பினேன், ஊசியை நானே தூக்கினேன், தட்டின் மேல் இறக்கிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வயலின் மட்டும்தான் வந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

சேகர் எழுந்து போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தான். "இந்த வயரா? நான் எக்ஸ்ட்ரான்னு நெனச்சேன் லா அண்ணி..."

"எடுத்துட்டுப் போறியா இன்னும்?"

"ஐயோ அண்ணி. விடுங்க." போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உங்கள் செட் இந்த வீட்டிலேயே இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே, "அப்போ என் தம்பி போயிட்டானா?" என்று கேட்டார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஆமாம் என்றா? நீங்கள் வந்து சொல்லியிருக்கலாமே. எல்லாக் கஷ்டமான வேலையும் எனக்கு.

"மல்லிகா, ஒரே ஒரு தடவ அந்த வயரக் கழட்டுடி. நான் அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லல. கடைசியா போன்லகூட சண்டைதான் போட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பாடுபட்டுச் சரிசெய்ததைக் கெடு என்கிறாரே என்று. ஆனாலும் எழுந்துபோய், செட்டை அணைத்து, திருகைத் தளர்த்தி, வயரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். முனகல் வந்தது. அக்கா கிட்டே போய், நான் அன்று நின்றதைப் பார்த்து வைத்திருந்தபடியே, ஒரு கையை ரிசீவரிலும் ஒரு கையைப் பிளேயரிலும் வைத்தார். அடங்கியது. "மணியம், அக்காடா," என்று ஆரம்பித்தார். கேட்கக் கூடாது என்று நானும் சேகரும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் திடீரென்று முனகல் ஹாலை நிறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் ஒரு கை பிளேயரில் இல்லை. நெஞ்சில் இருந்தது. சேலைக்கு மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். மேலுதட்டில் வேர்வை.

"என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லடி. காத்து லா."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆவேசம் வந்தது என்று தெரியவில்லை. போய் நெஞ்சில் கை வைத்தேன். தள்ளினார். நான் எடுக்கவில்லை. "கைய எடுடி, என்னா இது" என்றார். "எடுக்க மாட்டேன் அக்கா, உங்க குடும்பத்துக்கே இந்தக் காத்துதானா?" என்று கத்தினேன். உங்களிடம் கத்தியிருக்க வேண்டிய கத்தல். உள்ளங்கையில் அதே அடி. சேகரிடம் அக்காவைத் தூக்கச் சொன்னேன். அவன் லோரியைப் பார்த்தான். "லோரி வேணாம், என் கார்ல ஏத்து!" என்றேன். அவர் வழியெல்லாம், எனக்கு ஒன்றும் இல்லை, எல் பலகைக் காரில் என்னை ஏற்றி அவமானப்படுத்துகிறாள் என்று திட்டிக்கொண்டே வந்தார். திட்டட்டும், மூச்சு இருக்கிறதே என்று நான் ஓட்டினேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். இந்த முறை திரும்பிப் பார்த்தபோது அக்கா என்னை முறைத்தார்.

இரத்தக் குழாயில் அடைப்பாம். சரிசெய்துவிட்டார்கள். இப்போது வார்டில் இருக்கிறார். கஞ்சியில் உப்பில்லை என்று நர்சோடு சண்டை. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்காகக் கும்பிடுவதா, உங்களை நினைத்துச் சுவரில் முட்டிக்கொள்வதா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் முன்னால் என்றால் உங்களுக்கும் நடந்திருக்கும்தானே? அந்தத் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு நான் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்க, நீங்கள் விட்டிருக்கலாம்தானே?

அக்காவை இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். பூச்சோங்குக்கு அனுப்ப மாட்டேன், இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன். பச்சை வயரைத் திரும்ப மாட்டி, நன்றாக முறுக்கிவிட்டேன். ஊசியை இறக்க அக்காவுக்குச் சொல்லித் தருவேன். காக் சைத்தோனுக்கும், சேகருக்கும், தீபாவளிக்கு மகள் வந்தால் அவளுக்கும். போனால் போகட்டும், ஊசி கடையில் கிடைக்கும்.

இது என் வாக்கு. இனி இந்த வீட்டுக்குள் யாராவது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு காற்று என்றால், நான் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். தள்ளினாலும் கையை எடுக்க மாட்டேன்.

நீங்கள் நெஞ்சிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தீர்களே, அதே கையால் இதை எழுதிய,
உங்கள் வீட்டுக்காரி
மல்லிகா